பிரசவ லீவு கேட்டால் ராஜினாமா கேட்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

“இப்போதைக்கு எழுதிக் கொடுத்துடும்மா. குழந்தை பிறந்து எல்லாம் சரியானதும் வா, மறுபடி எடுத்துக்கிறோம்.” வயிறு தெரிய ஆரம்பித்ததும் எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு இதைத்தான் சொல்வார்கள். குரலில் அத்தனை அக்கறை இருக்கும். பக்கத்திலேயே தாளும் பேனாவும் இருக்கும். “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிவிட்டால் போதும், பிரசவப் பணமும் தர வேண்டாம், வேலையும் தர வேண்டாம். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு எட்டாம் மாதத்தில் வந்து “இனி ஏதாவது செய்ய முடியுமா” என்று கேட்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-ல் வந்த மகப்பேறு பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்த லீவு 2017-ல் 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம், பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதுச் சட்டத்துக்குள் போய்விட்டது. “புதுச் சட்டத்துக்கு ரூல்ஸ் இன்னும் வரலைம்மா” என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். 26 வாரமும் சம்பளமும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பிரசவ லீவில் இருப்பவரை அந்த லீவைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது நீக்கினாலும் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் (ஒரு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்).

சரி, எங்கே மடக்குவார்கள்?

முதல் பொய், “ஒரு வருஷம் முடியலையே.” ஒரு வருடம் என்று எங்கேயும் இல்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதம் எண்ணுங்கள். அதற்குள் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சம்பளத்தோடு வந்த விடுமுறைகளும் அந்த 80-ல் சேரும். புரொபேஷனா, நிரந்தரமா என்ற கேள்வியே இல்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் லீவுக்கு நடுவில் முடிந்தாலும் மகப்பேறு பயன் முழுசாகத் தர வேண்டும் என்று 2023-ல் சொன்னது. கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி கான்ட்ராக்டரைக் கைகாட்டும். நீங்கள் ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, “மூணாவது குழந்தைக்குக் கிடையாது.” தனியார் வேலையில் உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் 26 வாரம் 12 வாரமாகக் குறையும், அவ்வளவுதான், இல்லாமல் போகாது. அரசு வேலையின் விதிகள் வேறு. ஆனால் அங்கேயும், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்த தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுத்த லீவைக் கொடுக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, “அதான் கவர்மென்ட்ல 18,000 வருதே.” அது ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவி. அதற்கும் உங்கள் கம்பெனி தர வேண்டிய பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்தது ஈஎஸ்ஐ, அதாவது சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்பீடு. பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், பணம் தருவது ஈஎஸ்ஐ. லீவும் வேலையும் கம்பெனியின் பொறுப்பு. “உனக்கு ஈஎஸ்ஐ இருக்கு, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று இரண்டையும் சேர்த்துக் கைகழுவ முடியாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று போகும் சந்தாக் காலங்களில், முந்தைய இரண்டிலும் சேர்த்து 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பே ஸ்லிப்பில் பிடித்திருப்பார்கள், ஆனால் கட்டியிருக்க மாட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு அது தெரிந்து என்ன பிரயோஜனம்? மூன்றாம் மாதத்திலேயே ஈஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். அப்படியே பெயரையும் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், ஈஎஸ்ஐயில் முன்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்றால் பணம் நிற்கும். ஒரு எழுத்துக்காகக் கைக்குழந்தையோடு கிளை அலுவலக வாசலில் நிற்க வைப்பார்கள். அதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது.

இனி கடிதம். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. கர்ப்பம், எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, லீவு தொடங்கும் தேதி (பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்), இந்த மூன்றையும் எழுதி, டாக்டர் சான்றோடு மெயில் அனுப்புங்கள். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். பே ஸ்லிப், வருகைப் பதிவு, வேலை நியமனக் கடிதம் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கம்பெனி மெயிலை எந்த நிமிடமும் பூட்டலாம். முன்கூட்டியே கடிதம் கொடுக்கவில்லையா? பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம், உரிமை போகாது.

ராஜினாமாவை மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்று ராத்திரிக்குள் “கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினீர்கள், திரும்பப் பெறுகிறேன்” என்று மெயில் போய்விட வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப ஆள் இருக்காது. இன்னொரு தந்திரம் மெமோ. இத்தனை வருடம் இல்லாத குறையெல்லாம் கர்ப்பமானதும் முளைக்கும், ஏனென்றால் கடுமையான ஒழுங்கீனம் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினால் பணத்தை மறுக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஒவ்வொரு மெமோவுக்கும் பதில் எழுதுங்கள். பணத்தை மறுத்து உத்தரவு கொடுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

புகார் எங்கே? தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, தனியார் அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. இவர் அங்கே போகச் சொல்வார், அவர் இங்கே. மனுவிலேயே “உங்கள் வரம்பில் இல்லையென்றால் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி எனக்குத் தகவல் தரவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்” என்பது ரசீது ஆகாது. வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்ட உதவி இலவசம். 15100-ல் கூப்பிடலாம்.

பணம் வந்தால் கணக்கைப் பாருங்கள். தினக்கூலிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக் கொடுப்பார்கள். வாரம் என்றால் ஏழு நாளும் சேர்த்துத்தான் என்று கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே முடிவு சொல்லிவிட்டது. கம்பெனி தரும் பணத்தில் பிரசவத்துக்கு முந்தைய பங்கு முன்கூட்டியும், மீதி பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் வர வேண்டும்.

லீவு முடிந்து போகும் நாளில் கைரேகை மெஷின் உங்களை ஏற்காமல் போகலாம். “உங்க இடத்துல ஆள் போட்டாச்சு” என்று செக்யூரிட்டி சொல்லலாம். அழுதுகொண்டு திரும்பிவிடாதீர்கள். திரும்பினால் “அவங்களா வரலை” என்று கோப்பில் ஏறிவிடும். கேட்டில் நின்றபடியே ஒரு போட்டோ எடுத்து, “இன்று காலை வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்” என்று எச்ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.