அரசாங்கப் பசுமைக் கொள்முதல்: சுங்கை சிப்புட் வணிகர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஒரு விளக்கம்

அரசாங்க அலுவலகமோ பள்ளியோ மருத்துவமனையோ ஒரு பொருளை வாங்கும்போது, அதன் விலையையும் தரத்தையும் பார்ப்பதோடு, அது உற்பத்தியாகும்போதும் பயன்படும்போதும் கழிவாகும்போதும் சுற்றுச்சூழலுக்கு உண்டாக்கும் பாதிப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அரசாங்கப் பசுமைக் கொள்முதல் திட்டம். கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் பேசப்படும் பெரிய விஷயமாக இது தோன்றலாம். ஆனால், சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் பள்ளிக்குத் தாள் கொடுக்கும் எழுதுபொருள் கடைக்காரர், மின்சாமான் விற்பவர், சாயம் பூசும் சிறு குத்தகையாளர், துப்புரவுக் குத்தகை எடுத்தவர் ஆகிய அனைவருடைய வருமானத்தையும் இது நேரடியாகத் தொடுகிறது.

2009-இல் தேசியப் பசுமைத் தொழில்நுட்பக் கொள்கை வெளியிடப்பட்டதில் இதன் வேர் இருக்கிறது. நிதி அமைச்சும் அப்போதைய எரிசக்தி, பசுமைத் தொழில்நுட்பம், நீர் அமைச்சும் சேர்ந்து இதை முதலில் ஒரு சில அமைச்சுகளில் மட்டும் முன்னோட்டமாக நடத்திப் பார்த்தன. தாள், கணினிச் சாதனங்கள், உள்ளக விளக்குகள், சாயம், இழைச் சிமெண்டுப் பலகை, துப்புரவுச் சேவை ஆகியவையே தொடக்கத்தில் பட்டியலில் இருந்தன. பிறகு பட்டியல் விரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் அரசாங்கக் கொள்முதலில் 20 விழுக்காடு 2020-க்குள் பசுமையானதாக இருக்க வேண்டும் என்று நாட்டின் ஐந்தாண்டு மேம்பாட்டுத் திட்டமான 11-ஆவது மலேசியத் திட்டம் இலக்கு வைத்தது. 12-ஆவது திட்டம் அதை 2025-க்குள் 25 விழுக்காடாக உயர்த்தியது. இதற்கு வெளியே, ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த மேம்பாட்டு இலக்குகளில் 12.7-ஆவது இலக்கும் பொதுத்துறைக் கொள்முதலைப் பற்றியதே.

யாரை இது கட்டுப்படுத்துகிறது என்பதில் நம் ஊரில் அடிக்கடி குழப்பம் ஏற்படுகிறது. கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி, சுகாதார அமைச்சின் மருத்துவமனையும் சுகாதார நிலையமும், காவல் நிலையம் ஆகியவை கூட்டரசைச் சேர்ந்தவை. நிதி அமைச்சின் விதிகள் அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தும். மாவட்ட அலுவலகமும், சுங்கை சிப்புட்டைத் தன் நிர்வாகத்தில் வைத்திருக்கும் கோலகங்சார் நகராண்மைக் கழகமும் மாநில அரசாங்கத்தின் கீழ் வருபவை. அவற்றின் கொள்முதல் முறைகள் பெரும்பாலும் கூட்டரசின் முறைகளைப் பின்பற்றியே அமைந்திருந்தாலும், பசுமைக் கொள்முதலை எந்த அளவுக்கு வலியுறுத்துவது என்பதை மாநிலமும் ஊராட்சி மன்றமும் முடிவு செய்கின்றன. ஆகவே ஒரே தெருவில் இருக்கும் இரண்டு அலுவலகங்கள் ஒரே தாளுக்கு இரண்டு விதமான நிபந்தனைகள் போட்டால் வியப்படையத் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் தான் திரட்டிய சொந்த நிதியில் வாங்கும் பொருள்கள் அரசாங்கக் கொள்முதல் ஆகா. பள்ளிக்கு அமைச்சு ஒதுக்கிய பணத்தில் வாங்கப்படுபவையே அவ்வாறு கருதப்படும்.

ஒரு பொருள் பசுமையானதா என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லால் முடிவு செய்ய இயலாது என்பதால் மைஹிஜாவ் முத்திரை உருவாக்கப்பட்டது. மலேசியப் பசுமைத் தொழில்நுட்ப, பருவநிலை மாற்றக் கழகம் இதை நிர்வகிக்கிறது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றிதழ் இருந்தால் மட்டுமே ஒரு பொருள் இந்த முத்திரைக்குத் தகுதி பெறும். தரச் சான்றிதழ் வழங்கும் சிரிம் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் முத்திரை அவற்றுள் ஒன்று. முத்திரை பெற்ற பொருள்களின் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. எம்எஸ்பிஓ எனப்படும் மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020-இலிருந்து கட்டாயமானபோது, பூச்சிமருந்துக் கிடங்கின் பூட்டிலிருந்து தொழிலாளர் சம்பளச் சீட்டு வரை ஒவ்வொன்றையும் தாளில் காட்ட வேண்டியிருந்தது அல்லவா, அதே முறைதான் இங்கே பொருளின் மேல் வைக்கப்படுகிறது.

சிறு வணிகர்கள் இங்கேதான் தேவையில்லாமல் பின்வாங்குகிறார்கள். முத்திரை கடைக்கு அல்ல, பொருளுக்கு வழங்கப்படுகிறது. தாளையோ சாயத்தையோ உற்பத்தி செய்யும் நிறுவனம் அதைப் பெற்றிருந்தால், அப்பொருளை விற்கும் கடைக்காரர் தனியாக எந்தச் சோதனைக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சான்றிதழின் நகலை மொத்த விற்பனையாளரிடமிருந்து கேட்டு வாங்கித் தன் விலைப்புள்ளியோடு இணைத்தால் போதும். நிதி அமைச்சில் வழங்குநராகப் பதிவு செய்துகொள்வதும், விற்க விரும்பும் பொருளுக்குரிய துறைக் குறியீட்டை அப்பதிவில் சேர்த்துக்கொள்வதும் வேறு விஷயங்கள். பசுமைப் பொருள் விற்பதற்காக அவற்றில் எந்தச் சலுகையும் கிடைக்காது.

நேரடிக் கொள்முதல், விலைப்புள்ளி, டெண்டர் என அரசாங்கம் பொருள் வாங்கும் முக்கிய வழிகள் மூன்று. எந்தத் தொகைக்கு எந்த வழி என்பதை நிதி அமைச்சு சுற்றறிக்கை மூலம் அவ்வப்போது மாற்றுகிறது. எந்த வழியானாலும் பசுமை நிபந்தனை நுழைய வேண்டிய இடம் ஒன்றே: பொருளின் விவரக்குறிப்பு. ‘ஏ4 தாள், 80 கிராம், வெள்ளை’ என்று மட்டும் எழுதிவிட்டு விலைப்புள்ளி கேட்டால், மறுசுழற்சித் தாளையோ நிலைத்த முறையில் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்த தாளையோ கொடுப்பவர் சில காசுகள் கூடுதலாகக் கேட்டதற்காகவே தோற்றுப்போவார், மதிப்பீட்டுக் குழு பிறகு நினைத்தாலும் அதை மாற்ற முடியாது, ஏனென்றால் அறிவிக்காத ஒன்றை வைத்து மதிப்பெண் போடுவது விதிக்குப் புறம்பானது. இந்தத் திட்டத்தின் வெற்றி தோல்வி அமைச்சரின் உரையைவிட, அலுவலகத்தில் உட்கார்ந்து விவரக்குறிப்பு எழுதும் எழுத்தரைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் கருத்து. குறிப்பிட்ட வணிகப் பெயரை எழுதுவதற்கும் விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் ‘இன்ன நிறுவனத்தின் தாள்’ என்று எழுதாமல், ‘மைஹிஜாவ் முத்திரை அல்லது அதற்கு இணையான சான்றிதழ் பெற்ற தாள்’ என்று எழுதுவதே சரியான முறை.

விலை கூடுதலாயிற்றே என்ற கேள்வி அடுத்து எழும். அதற்குப் பதில் சொல்லத்தான் பொருளின் முழு ஆயுள் செலவைக் கணக்கிடும் முறை இருக்கிறது. ஒரு பள்ளி அலுவலகத்தில் பழைய 36 வாட் குழல்விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பேலஸ்ட் எனப்படும் சோக் எடுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் அது ஏறக்குறைய 40 வாட் ஆகும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி குழல் 18 வாட் எடுக்கும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் எரிந்தால் ஒரு விளக்கில் மிச்சம் 44 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 22 ரிங்கிட் மிச்சமாகிறது. வாங்கும்போது பத்துப் பதினைந்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் ஓராண்டுக்குள் அது திரும்பிவிடும். இதோடு கணக்கு முடிவதில்லை. குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் உள்ள கழிவு, 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 109 என்ற குறியீட்டில் அடங்கும். உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட முடியாது. வாங்கும்போது மலிவாக இருந்த விளக்கின் உண்மையான செலவு அதைக் கழிக்கும்போதுதான் தெரியவரும். குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி போன்றவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சிட்டை இருப்பதால் கணக்குப் போடுவது இன்னும் எளிது. ஐந்து நட்சத்திரமே மிகச் சிக்கனமானது.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஆவியாகும் கரிமப் பொருள்கள் குறைந்ததும் ஈயம் கலக்காததுமான சாயமாக இருக்க வேண்டும். பள்ளி விடுமுறை முடிவதற்கு முந்தைய நாள்தான் வகுப்பறைக்குச் சாயம் பூசும் வழக்கம் இருக்கும்வரை இது குழந்தைகளின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

துப்புரவுச் சேவை சற்று நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் தோட்டங்களில் வேலை குறைந்தபின் வெளியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குத்தகை நிறுவனங்களின் கீழ் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். பசுமை நிபந்தனையின்படி, குத்தகையாளர் பயன்படுத்தும் தரை கழுவும் திரவமும் கழிவறை அமிலமும் கேடு குறைந்தவையாக இருக்க வேண்டும். அவற்றை எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்ற பயிற்சியைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பெயர்ச்சிட்டை இல்லாத மினரல் வாட்டர் போத்தலில் அமிலத்தை ஊற்றிக் கொடுத்து, மூடியால் அளந்துகொள் என்று சொல்வதைப் பார்க்கிறோம். அபாய இரசாயனங்களுக்கு அடையாளச் சிட்டையும் பாதுகாப்புத் தரவுத் தாளும் இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இருப்பது. பசுமைக் கொள்முதல் இல்லாவிட்டாலும் அது சட்டம். அதேபோல், நிலைத்த கொள்முதல் என்பது தொழிலாளரின் நிலையையும் உள்ளடக்கியது என்று ஐஎஸ்ஓ 20400 என்ற 2017-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐவருக்கும் குறைவான தொழிலாளர்களை வைத்திருப்பவர்களுக்கு அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல். இந்தச் சம்பளத்தையும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவையும் சேர்த்துப் பார்த்தாலே கட்டுப்படியாகாத ஒரு தொகையை எவராவது விலைப்புள்ளியில் எழுதியிருந்தால், மதிப்பீட்டுக் குழு அதை மலிவு என்று மகிழாமல், எங்கே குறைக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும்.

நெடுங்காலமாக அரசாங்கக் கொள்முதல் 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டத்தையும் கருவூல ஆணைகளையும் சுற்றறிக்கைகளையும் நம்பியே நடந்துவந்திருக்கிறது. கொள்முதலுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரும் மசோதா 2025 ஆகஸ்டு மாதம் மக்களவையில் நிறைவேறியது.

பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருப்பவர்கள் அரசாங்கப் பணத்தில் நடக்கும் கொள்முதலில் தலையிட முடியாது. ஆனால், கேள்வி கேட்கலாம்: விவரக்குறிப்பில் முத்திரை கேட்கப்பட்டதா, வந்த பொருளில் முத்திரை இருக்கிறதா என்பவை கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்விகள்தான். சங்கத்தின் சொந்தப் பணத்தில் வாங்குவதற்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தத் தடை எதுவும் கிடையாது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய கடைசி இடம் பொருளை ஒப்படைக்கும் நேரம். முத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு. விலைப்புள்ளி முடியும் நாளில் அது செல்லுபடியாக இருக்கிறதா என்று இணையப் பட்டியலில் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெற்றி பெற்றபின், ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்லி வேறு தாளையோ வேறு விளக்கையோ பெட்டியில் வைத்து அனுப்புவது நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக நடக்கும் காரியம். அரசாங்கக் கொள்முதலில் பொருளைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி, உத்தரவில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மாறியிருந்தால் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமையுண்டு, பணமும் நின்றுவிடும். மாற்றிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அனுப்புவதற்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, அதே சான்றிதழ் உள்ள இன்னொரு பொருளைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.