செவ்வாயிலிருந்து பதில் வர 22 நிமிடம்: அறிவியல் புனைவு எபிசோட் எழுதுவோர் கவனத்துக்கு

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக எழுத்தாளர் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். அறிவியல் புனைவு என்றதும் விண்கலம், ரோபோ, காலப்பயணம் எல்லாவற்றையும் அதற்குள் திணித்துக்கொண்டு வரும் ஸ்கிரிப்டுகள்தான் அதிகம். பட்ஜெட் கூட்டத்திலேயே பாதி அடிபடும். மிச்சத்தில் கதை இருக்காது. ஒரு எபிசோடுக்கு ஒரு புளுகு, அதாவது நிஜத்தில் இல்லாத ஒரே ஒரு கற்பனை, போதும்.

மகள் செவ்வாயில் வேலை பார்க்கிறாள், அம்மா சிங்கப்பூரில் தோ பாயோ ஃபிளாட்டில் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் நம் புளுகு. முதல் டிராஃப்டில் இருவரும் வீடியோ காலில் மாறி மாறிப் பேசுவார்கள். நடக்காது. இரு கோள்களுக்கும் இடையே தூரம் சுமார் 5.5 கோடி கிலோமீட்டரிலிருந்து 40 கோடி வரை மாறும். ரேடியோ அலை ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம். ‘புதுக் கருவி கண்டுபிடிச்சிட்டாங்க’ என்று ஒரே வசனத்தில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். அது இரண்டாவது புளுகு. நாடகமும் அதோடு போயிற்று.

ஏனென்றால் தூரம் 20 கோடி கிலோமீட்டராக இருக்கும் நாளில் ஒரு வழித் தாமதம் 11 நிமிடம். போய் வர 22. எபிசோடின் நீளம்!

முதல் காட்சியில் அம்மா கோபத்தில், “நீ வரவே வேணாம், அங்கயே இரு” என்று அனுப்புகிறாள். நாலு நிமிடம் கழித்து மனசு கேட்காமல் இன்னொரு செய்தி. முதலாவது 11-ஆம் நிமிடத்தில் மகளுக்குக் கிடைக்கிறது, அடுத்தது 15-இல். இடையில், கேட்ட கையோடு அவள் பதிலை அனுப்பிவிடுகிறாள். 22-ஆம் நிமிடம் அம்மா கேட்கப்போவது அதைத்தான். சமாதானத்துக்கான பதில் வருமுன் எபிசோட் முடிந்துவிடும். ஒரு தாளில் அனுப்பிய நேரம், கிடைத்த நேரம் என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டு எழுதுங்கள். மனக்கணக்கை நம்பினால், இன்னும் காதில் விழாத செய்திக்கு மகள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். விளம்பர இடைவேளையில் கதையின் கடிகாரம் ஓடுமா நிற்குமா என்பதையும் ஸ்கிரிப்டிலேயே குறித்துவிடுங்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சுவர்க்கடிகாரம் ஷாட்டுக்கு ஷாட் தாவும்.

தொடராக எழுதுவோருக்கு இன்னும் இரண்டு. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39½ நிமிடம். 18 நாளில் அங்கே இரவு பகல் நமக்கு நேர்மாறாகிவிடும். தீபாவளிக் காலை அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பேசும்போது மகளுக்கு நடுச்சாமமாக இருக்கலாம். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் தொடர்பைக் கெடுக்கும். வில்லன் எதற்கு?

செவ்வாய் செட்டில் மகளை நடக்கவிடாதீர்கள், உட்காரவையுங்கள். அங்கே ஈர்ப்பு பூமியின் 38 சதவீதம்தான், நடிகை பூமியில் நடப்பதுபோல நடந்தால் மாட்டிக்கொள்வோம். ஜன்னலுக்கு வெளியே பகலில் பழுப்பு மஞ்சள், அந்தியில் சூரியனைச் சுற்றி நீலம். காற்றிலுள்ள நுண்தூசி செய்யும் வேலை அது. நமக்கு ஒரு விளக்கும், அதன்முன் வைக்க இரண்டு ஜெல் ஷீட்டும் (நிறத் தாள்) போதும்.

உண்மையில் செலவு வைப்பது சிங்கப்பூர்க் காட்சிதான். வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில், எடுக்க அதைப் பராமரிக்கும் டவுன் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி அந்திவேளை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் ஏழு மணிவாக்கில் சூரியன் மறைந்தால் இருபதே நிமிடத்தில் இருட்டு. ‘அந்தி, வாய்ட் டெக்’ என்று தலைப்பிட்டு மூன்று பக்கம் வசனம் எழுதினால், அதற்காகப் பல நாள் மாலை யூனிட்டைக் கூட்ட வேண்டியிருக்கும். அரைப் பக்கமாகச் சுருக்குங்கள். முடியாவிட்டால் ‘இரவு’ என்று மாற்றிவிடுங்கள்.