டிராக்டர் எழவில்லையா? முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

ஆகஸ்ட் மாத நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் பட்டறை போனுக்கு ஓய்வே இருக்காது. கோடை முழுக்கச் சாளை ஓரத்தில் தார்ப்பாய் மூடி நின்ற வண்டியை அன்றைக்குத்தான் வெளியே எடுப்பார்கள். மடையில் தண்ணீர் வந்திருக்கும், நடவுக்கு ஆள் சொல்லியிருப்பார்கள், வண்டி மட்டும் எழாது. "ஏனுங்க, செல்ப் எடுக்க மாட்டேங்குது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள்.

நான் கேட்கும் முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியோ டீசலைப் பற்றியோ இருக்காது. "நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?" என்றுதான் கேட்பேன். "செல்ப் மோட்டார்கிட்டத்தானுங்க, ஸ்பேனர் வெச்சு ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்னு" என்று பதில் வந்தால், அதை வைத்துவிட்டுத் தள்ளி வரச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

கோபிசெட்டிபாளையம் பக்கம் இருபது வருடங்களுக்கு மேல் டிராக்டர் வேலை பார்க்கிறேன். இன்ஜினைச் சுற்றி எழுப்பும் செல்ப் மோட்டாரில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஸ்பேனரால் இணைத்து வண்டியை எழுப்புவது எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். நானும் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அப்படித்தான் கற்றேன், பல வருடம் செய்தும் இருக்கிறேன். இன்று என் பட்டறையில் யாரையும் அதைச் செய்ய விடுவதில்லை. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேட்டாங்காட்டில் வெள்ளாமை செய்யும் ஒரு அண்ணன். முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் வண்டியில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. காடு சரிவு என்பதால் கியரில் போட்டே நிறுத்துவார். ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினார், சத்தமே இல்லை. இறங்கிப் போய் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நின்று, குனிந்து, ஸ்பேனரை வைத்தார். வண்டி உடனே எழுந்துகொண்டது. கியரில் இருந்ததால் எழுந்த வேகத்தில் நகரவும் செய்தது. இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வண்டி தென்னை மரத்தில் முட்டித்தான் நின்றது. பிற்பாடு நான் போய்ப் பார்த்தபோது செல்ப் முனையில் ஸ்பேனர் பொறி பறந்த தழும்பு அப்படியே இருந்தது. சாவியில் எடுக்காததற்குக் காரணம், கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சின் ஒயரை எலி கடித்திருந்தது. பத்து நிமிட வேலை.

இதில் நடந்தது என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சாவியில் இருந்து செல்ப்புக்குப் போகும் கரண்டை நடுவில் ஒரு சுவிட்ச் தடுத்து வைத்திருக்கும். சில வண்டிகளில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் அது விடும், சிலவற்றில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் விடும். பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. லிவருக்கும் சேர்த்து வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. ஸ்பேனர் வைக்கும்போது இந்தக் காவல் எல்லாவற்றையும் தாண்டி பேட்டரியின் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறது. கியரில் இருக்கும் வண்டியை செல்ப் மோட்டார் மட்டுமே இழுத்து நகர்த்திவிடும், அதற்குள் இன்ஜினும் பற்றிக்கொண்டால் சொல்லவே வேண்டாம். செல்ப் மோட்டார் இருக்கும் இடத்துக்குக் கை எட்ட வேண்டுமானால் நாம் நிற்க வேண்டியது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். 45, 50 குதிரைத்திறன் வண்டி ஏறக்குறைய 2 டன் எடை. எழுந்த டீசல் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பர் கீழே இருந்து கைக்கு எட்டாது, பழைய வண்டிகளில் சாவியைப் பிடுங்கினாலும் இன்ஜின் நிற்காது. ஒதுங்குவதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

"நியூட்ரல்லதான் இருக்குதுங்க, பார்த்துட்டுத்தான் வைக்கறேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். நேற்று வண்டியை நிறுத்தியது வேறொரு ஆளாக இருக்கலாம். லிவர் நடுவில் நிற்பது போலத் தெரிந்து உள்ளே பல் விடாமல் இருக்கலாம். விளையாடும் பையன் லிவரைத் தள்ளிவிட்டிருக்கலாம். அந்த அண்ணனும் அன்றைக்கு வரை நூறு தடவை பார்த்துவிட்டு வைத்தவர்தான்.

சரி, வண்டி எழவில்லை. என்ன செய்வது? பத்தில் ஏழெட்டு அழைப்புகளில் கோளாறு சின்னதாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் போதும்.

சீட்டில் உட்கார்ந்தபடியே ஆரம்பியுங்கள். மெயின் கியர், ஹை-லோ கியர் இரண்டும் நியூட்ரலில், பி.டி.ஓ. விடுபட்டு, கிளட்ச் தரை வரை மிதித்து. அப்புறம் ஸ்டாப்பர். நேற்று சாயங்காலம் இன்ஜினை அணைக்க இழுத்த ஸ்டாப்பர் உள்ளே போகாமல் அப்படியே நின்றிருக்கும். செல்ப் நன்றாகச் சுற்றும், வண்டி எழாது. இதற்காக மட்டும் நான் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போய், கையால் தள்ளிவிட்டு வந்த நாட்கள் உண்டு. ஸ்டாப்பர் கேபிள் துருப்பிடித்து, குமிழ் உள்ளே போனாலும் மறுமுனையில் பம்பு லிவர் திரும்பாமல் இருப்பதும் வழக்கம். அந்த முனையையும் பாருங்கள். டேங்குக்கு அடியில் டீசல் குழாய் மூடியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கிப்போய் 'டக் டக் டக்' என்று விடாமல் தட்டினால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது கேபிள் முனை சரியில்லை. வெளிச்சம் குறையாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் கரண்ட் செல்ப் வரை போகவே இல்லை என்று அர்த்தம். ஃப்யூஸ், சாவி சுவிட்ச், அந்தக் கிளட்ச் சுவிட்ச், நடுவில் எலி கடித்த ஒயர் என்று தேட வேண்டும். மக்காச்சோளம் அடுக்கி வைத்த கொட்டகையில் வண்டி நிற்கிறது என்றால் நான் எலியில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அதோடு அடங்கினால் செல்ப்புக்குக் கரண்டை இணைத்துவிடும் சாலினாய்டோ உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பனோ தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.

பேட்டரி முனைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புது பேட்டரிக்குச் செலவு செய்த பிறகும் அதே கோளாறோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். செல்ப் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் அந்த முனைகள் வழியாகப் பாய்கிறது. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ப் மட்டும் எடுக்காது. இரண்டு தடவை செல்ப் அடித்துவிட்டு, சாவியை அணைத்து, முனையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கோளாறு அங்கேதான். கழற்றும்போது எர்த் கேபிளை, அதாவது மைனஸ் கேபிளை, முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. துடைத்துப் பளபளவென்று தேய்த்து இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். எர்த் கேபிளின் மறுமுனை சேஸில் முறுக்கியிருக்கும் இடத்திலும் துரு இருக்கும், அதை யாருமே பார்ப்பதில்லை.

கையில் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க ஓய்வாக நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்கு வந்துவிட்டால் அது காலி. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டு, அப்போதும் விழுந்தால் மாற்றுவதுதான் வழி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, எத்தனை புது பேட்டரி போட்டாலும் நிற்காது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். நம் பக்கத்து போர்த் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும், சோறு வேகிற பாத்திரத்திலேயே படிந்துபோகிறது. பேட்டரி தகடு எம்மாத்திரம்?

இன்னொரு வண்டியில் இருந்து கேபிள் கொடுத்து எழுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் முதலில் இணையுங்கள். நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு முனையை மாட்டிவிட்டு, கடைசி முனையைக் காலியான பேட்டரியில் மாட்டாமல் அந்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அந்தப் பொறி வாயுவில் பட்டால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பக்கத்தில் பீடி பிடிக்கவே கூடாது.

செல்ப் நன்றாகச் சுற்றியும் எழவில்லையா? புகைக் குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர், அழுக்கு ஏர் ஃபில்டர், மெதுவாகச் சுற்றும் செல்ப், தேய்ந்த இன்ஜின் என்று காரணம் பல. தாளவாடி மேட்டில் மார்கழி விடியலில் இது சகஜம். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. ஒரு தடவைக்கு 10, 15 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் டீசல் கோளாறோடு செல்ப் கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

டீசல் போகாததற்குப் பெரும்பாலும் காரணம் டீசல் லைனில் ஏர் பிடித்திருப்பதுதான். டேங்க் ஒருமுறை வற்றினாலோ ஃபில்டர் மாற்றினாலோ ஏர் நுழைந்துவிடும். கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் பாருங்கள். ஏர் எடுக்க, ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, டீசலைக் கையால் ஏற்றும் பிரைமர் லிவரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர், அப்புறம் பம்பு என்று அதே வரிசை. சில வண்டிகளில் லிவர் தொளதொளவென்று ஆடும், டீசல் ஏறாது. பம்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேம் தன் மேட்டில் நிற்கிறது, அவ்வளவுதான். சீட்டில் ஏறி, ஸ்டாப்பரை இழுத்து வைத்து, சாவியில் ஒரு நொடி சுற்றிவிட்டு வந்தால் லிவருக்குப் பிடிப்பு வந்துவிடும்.

இதற்கு மேல், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைத் தளர்த்தும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். கார் டயரில் இருப்பது 2 பார் அழுத்தம். பழைய வண்டிகளின் நாசிலே ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில்தான் திறக்கும். 2023 ஜனவரிக்குப் பிறகு 50 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருக்கிறது. அவற்றில் வரும், எல்லா நாசில்களுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் காமன் ரயில் இன்ஜின்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும், அதில் நட்டில் கையே வைக்காதீர்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஊசி முனை அளவு டீசல் பீறிட்டுத் தோலுக்குள் இறங்கிவிடும். பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, வலிகூட உடனே தெரியாது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். அப்படி ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்துல டீசல் உள்ள இறங்கிருச்சு" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டை நீட்டினால் போதும், அதில் ஈரம் படும்.

ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைக் காட்டுவது, பெட்ரோல் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். ஃபில்டர் தீப்பிடிக்கும், பிஸ்டன் உடையும். பேட்டரி வீக் என்று சரிவில் நிறுத்தி உருட்டி எழுப்புகிறவர்கள், வண்டி தானாக உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பேட்டரியைச் சரிசெய்துவிட்டால் அந்தச் சரிவே தேவைப்படாது.

கடைசியாக அந்தச் சுவிட்ச். அது கெட்டால் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்து அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் நிறைய இருக்கிறது. விவசாயி அவசரப்படுவார், சுவிட்ச் கடையில் இருக்காது. "அடுத்த தடவை போட்டுக்கலாம்" என்பார்கள், அந்த அடுத்த தடவை வருவதே இல்லை. உங்கள் வண்டியில் அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். முன்னாலும் பின்னாலும் ஆள், ஆடு, மாடு இல்லாத சமதளத்தில் சீட்டில் உட்காருங்கள். கிளட்ச் சுவிட்ச் உள்ள வண்டியா? கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். நியூட்ரல் சுவிட்ச் உள்ள வண்டியா? கியரைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் முழுக்க மிதித்துக்கொண்டு திருப்புங்கள். செல்ப் சுற்றக் கூடாது. சுற்றினால் யாரோ ஒயரை முறுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த சேறடிப்புக்கு முன்னால், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து முறுக்கை அவிழ்த்துப் புதுச் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.