சிவப்பு என்றால் கோபம் என்று யார் சொன்னது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேலரிக்கு ஓர் அப்பாவும் அவருடைய எட்டு வயதுப் பெண்ணும் வந்திருந்தார்கள். நுழைந்ததும் எதிரே ஆறடி உயரக் கேன்வாஸ். முழுக்கச் சிவப்பு, கீழ் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஆரஞ்சு. குழந்தை அதன் முன்னால் போய் நின்றாள். "அப்பா, இது சூடா இருக்கு" என்றாள். தொடவில்லை, நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். பத்தொன்பது வருடமாகப் பார்வையாளர்களோடு ஓவியங்களின் முன் நிற்பதுதான் என் வேலை. உருவம் எதுவும் இல்லாத ஓர் அரூப ஓவியத்தைப் பற்றி இவ்வளவு நல்ல வாக்கியம் எனக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

அப்பா போனை எடுத்து எதையோ தேடினார். "சூடு இல்லடா கண்ணு. சிவப்புன்னா கோபம், ஆபத்து. வரைஞ்சவர் ரொம்பக் கோபத்துல இருந்திருக்கார்" என்றார். குழந்தை தலையாட்டினாள். அடுத்தது ஒரு நீல ஓவியம். அதைப் பார்க்கவே இல்லை. அப்பாவை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு என்ன போட்டிருக்குப்பா?" என்று கேட்டாள்.

அந்த அப்பா நல்ல மனிதர். விடுமுறை நாளில் பிள்ளையை ஓவியம் பார்க்கக் கூட்டிவருகிறவர் எத்தனை பேர்? ஆனால் இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கும் ஐந்தாவது ஆள் அவர். சிவப்பு கோபம், நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி, கருப்பு துக்கம். இந்தப் பட்டியல் எங்கிருந்து எல்லோர் கைக்கும் வந்ததோ, ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். கூரைப்புடவை சிவப்பு, குங்குமம் சிவப்பு. யாருடைய கோபம் அது? செம்மை என்ற சொல்லுக்கே சிவப்பு என்றும் நேர்மை என்றும் பொருள் உண்டு. செந்தமிழ் கோபமான தமிழா? குறிஞ்சிக் கடவுளுக்குச் சேயோன், அதாவது சிவந்தவன், என்று பேர் வைத்தவர்கள் அவன் ஆபத்தானவன் என்றா வைத்தார்கள்? மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுகிறோம். கடனில் மூழ்கியவர் கொடுப்பதும் மஞ்சக் கடுதாசிதான். பச்சையில் பச்சைக் குழந்தையும் இருக்கிறது, பச்சைப் பொய்யும் இருக்கிறது. வெள்ளை, ஒரு வீட்டில் விதவையின் சேலை, பக்கத்துத் தெரு தேவாலயத்தில் மணப்பெண்ணின் உடை. நம் ஒரு மொழிக்குள்ளேயே ஒரு நிறம் இத்தனை வேலை பார்க்கும்போது, எங்கேயோ யாரோ எழுதிய நாலு வரிப் பட்டியலுக்குள் ஓர் ஓவியரின் பல மாத உழைப்பை எப்படி அடக்குவீர்கள்?

இன்னொன்று. ஓவியத்தில் எந்த நிறமும் தனியாக இருப்பதில்லை. இது நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டுச்சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கும்போது துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கிறோம். கடைக்குள் அரக்காக இருந்தது வெளியே மெரூனாகிவிடும். அதே துணியைப் பச்சைக் கரையின் மேல் வைத்தால் இன்னொரு நிறம். ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை, சதுரத்துக்குள் சதுரமாக, நிறத்தின் பக்கத்தில் நிறம் என்ன செய்கிறது என்பதை மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை சொன்ன சூடும் பெரும்பாலும் அந்த விரலளவு ஆரஞ்சால் வந்தது. அதை எடுத்துவிட்டால் அந்தச் சிவப்பு வேறு சிவப்பு.

நிறம் ஒருவரைக் கோபப்படுத்தாது என்று நான் சொல்லவில்லை. பார்னெட் நியூமன் என்ற ஓவியர் வரைந்த ஒரு மாபெரும் சிவப்பு ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். 1986இல் ஒருவர் அதைக் கத்தியால் கிழித்துவிட்டார். கோபம் அந்த மனிதருக்குள் இருந்தது. சிவப்பில்தான் இருந்தது என்றால் அங்கே வந்த அத்தனை பேரும் கத்தியோடு அல்லவா வந்திருக்க வேண்டும்? அமெரிக்காவின் ஹூஸ்டனில் மார்க் ராத்கோ என்ற ஓவியரின் 14 ஓவியங்களுக்கென்றே ஒரு தியானக்கூடம் இருக்கிறது, 1971இல் திறந்தது. எல்லாம் கருப்பும் கரும் ஊதாவும்தான். பட்டியல்படி அது துக்க வீடு. ஆனால் அங்கே கல்யாணமும் நடக்கிறது.

"அப்படியென்றால் என்னதான் அர்த்தம் மேடம்?" என்று கேட்பவர்களிடம் நான் நம் ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்வேன். காந்தியைக் கருப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்து பேர் வாங்கியவர். கோட்டில் அவ்வளவு தேர்ச்சி உள்ளவர் பிற்காலத்தில் பெரிய கித்தான்களில் உருவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் வைத்து வருடக்கணக்கில் வரைந்தார். வரையத் தெரியாமல் நிறத்தை அப்புகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையிலேயே வாழ்ந்து 2022இல் மறைந்த அச்சுதன் கூடல்லூரின் ஓவியங்களிலும் நிறம்தான் எல்லாம். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966இலிருந்து சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் போய்ச் சும்மா நில்லுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் போனைப் பைக்குள் வையுங்கள். பெயர் அட்டையைக் கடைசியில் படியுங்கள். ஓர் ஓவியத்தின் முன் இரண்டு நிமிடமாவது நில்லுங்கள். கண் பழகவே அவ்வளவு நேரம் ஆகும். பெரிய ஓவியம் என்றால் தூரப் போகாதீர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டே வாருங்கள். நியூமன் 1951இல் தன் கண்காட்சிச் சுவரில் இதையே எழுதி ஒட்டியிருந்தார். உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வாய் ஊறுகிறதா, கண் கூசுகிறதா, பின்னால் நகரத் தோன்றுகிறதா? தலை வலித்தால் விலகிப் போய்விடுங்கள். அதுவும் ஓர் எதிர்வினைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஒருவர் பல வருடங்கள் மனைவியோடு எங்களிடம் வந்து, எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள்தான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பிறகு அவர் ஓர் ஓவியத்தில் வெளிச்சமும் இருட்டும் எப்படி நகர்கிறது என்று விவரித்தார் பாருங்கள், நாங்கள் யாருமே அதை அதுவரை கவனித்ததில்லை. அவரும் இத்தனை வருடம் சரியான பதில் ஒன்று இருக்கிறது என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்திருக்கிறார்.

வாங்குகிறவர்களுக்கு: போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போன் திரை எல்லாச் சிவப்பையும் ஒரே சிவப்பாக்கிவிடும். சோபாவுக்கு மேட்சாகக் கேட்காதீர்கள். மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் 1964இல் மாட்டிய ராத்கோவின் ஐந்து பெரிய ஓவியங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் வெளுத்துப்போய் 1979இல் கழற்றப்பட்டன. அவர் போட்ட சிவப்பு வெயில் தாங்காத சிவப்பு. அப்புறம், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஒரு வீட்டில் பொங்கலுக்கு ஒட்டடை அடித்த கையோடு கேன்வாஸையும் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது துணியில் பாதி நீலம் இருந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை சூடா இருக்கு என்றால், "எங்கே ரொம்பச் சூடு?" என்று கேளுங்கள். பயமா இருக்கு என்றால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சிவப்பு ஓவியம் மாதக் கடைசிவரை எங்கள் சுவரில் இருக்கும். அந்த அப்பா இதைப் படித்தால், தயவுசெய்து பாப்பாவை இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். நீலத்தின் முன்னால் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.