முன்வரிசைப் பேரடை: ‘ஆரம்பகால விண்மீன் மண்டலம்’ என்பது ஏன் பிழை

‘ஏர்லி டைப் கேலக்ஸி’ என்னும் வானியல் வழக்கை ‘ஆரம்பகால விண்மீன் மண்டலம்’ என்றும், அதன் எதிரிணையான ‘லேட் டைப் கேலக்ஸி’ என்பதைப் ‘பிற்கால விண்மீன் மண்டலம்’ என்றும் தமிழாக்கி எழுதுவதையும் பேசுவதையும் சிங்கப்பூரில் பலமுறை எதிர்கொண்டுவிட்டேன். அண்மையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடந்த அறிவியல் உரையொன்றிலும் இதே சொற்கள் திரையில் நின்றன. நயம் குறைந்த பெயர்ப்பு என்று சொல்லி இதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. காலத்தைக் குறிக்காத ஒரு சொல்லின்மேல் காலத்தை ஏற்றி, படிப்பவரை நேர் எதிரான முடிவுக்கு இட்டுச் செல்லும் பெயர்ப்பு இது.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘காலா’ என்றால் பால். இரவு வானில் வெண்பட்டையாகத் தெரியும் பால்வழியைக் குறித்த பெயரிலிருந்து கேலக்ஸி வந்தது. ஆந்திரோமீடா என்னும் விண்மீன் தொகுதி நம் பால்வழிக்கு வெளியே இருப்பதை அமெரிக்க வானியலார் எட்வின் ஹபிள் 1920களில் காட்டிய பிறகு, அத்தகைய விண்மீன் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் அதுவே படிப்படியாகப் பொதுப்பெயராயிற்று. தமிழில் மண்டலம், திரள், பேரடை ஆகியவை வழங்குகின்றன. சூரிய மண்டலம், வளிமண்டலம் என்று ‘மண்டலம்’ ஏற்கெனவே பல சுமைகளைச் சுமப்பதாலும், ‘திரள்’ என்பது வேறு தொகுதிகளுக்குத் தேவைப்படுவதாலும் நான் ‘பேரடை’ என்றே எழுதுகிறேன்.

1926இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஹபிள் பேரடைகளை உருவத்தை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினார். உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ, உள்ளமைப்பு ஏதும் புலப்படாமல் மழுங்கித் தோன்றுபவை வரிசையின் ஒரு முனையில் நின்றன. கரங்கள் விரிந்து, முடிச்சு முடிச்சாக ஒளிரும் சுருள் பேரடைகள் மறுமுனையில் நின்றன. எளிய உருவத்தின் பக்கம் இருப்பவை ‘ஏர்லி’, சிக்கலான உருவத்தின் பக்கம் இருப்பவை ‘லேட்’. இவ்விரு அடைமொழிகளுக்கும் காலச்சாயல் உண்டு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வரிசையில் உள்ள இடத்தைக் குறிக்க வசதியான சொற்கள் என்பதாலேயே இவற்றை எடுத்துக்கொள்வதாகவும், விண்மீன்களின் நிறமாலை வகைகளுக்கு (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து வகுத்தவை) இவ்வழக்கு முன்பே இருப்பதாகவும், காலச்சாயலை வேண்டுமென்றே ஒதுக்குவதாகவும் அக்கட்டுரையின் அடிக்குறிப்பிலேயே விளக்கினார். 1927இல் மீண்டும் ஒருமுறை, இப்பெயர்களுக்குக் காலப்பொருள் கற்பிப்பவர் அதன் இடரைத் தாமே ஏற்க வேண்டும் என்று எச்சரித்தார். சொல்லை வழங்கியவரே விலக்கிய பொருளைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘காலம்’ என்ற சொல்லையே வெளிப்படையாக ஒட்டவைத்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் சாயலாக இருந்தது தமிழில் பொருளாகவே ஆகிவிட்டது.

இதன் விளைவு சிறியதன்று. ‘பிற்கால’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பிற்காலச் சோழர், பிற்காலப் பாண்டியர் என்று வரலாற்றுக் காலத்தை எண்ணிப் பழகியவர்கள் நாம். அப்படிப் பழகிய ஒருவர் ‘பிற்காலச் சுருள் மண்டலம்’ என்று படித்தால், நீள்வட்ட வடிவத்தவை முதலில் தோன்றிப் பின்னர்ச் சுருள்களாக மாறின என்றே கொள்வார். உண்மையில் நீள்வட்டப் பேரடைகளில் இருப்பவை பெரும்பாலும் வயது முதிர்ந்த விண்மீன்கள்; புதிய விண்மீன் பிறப்பு அவற்றில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. சுருள் பேரடைகளின் கரங்களிலோ இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. சுருள் பேரடைகள் இரண்டு மோதி ஒன்றாகி நீள்வட்டப் பேரடையாக உருவாகக்கூடும் என்பதும் வானியலார் இன்று பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து.

விண்மீன்களிடம் வரும்போது குழப்பம் இரட்டிக்கிறது. விண்மீன்களில் ‘ஏர்லி’ என்பவை மிகுந்த வெப்பமுடைய நீல விண்மீன்கள். சில மில்லியன் ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும் வகைகளும் அவற்றில் உண்டு. ‘லேட்’ என்பவை வெப்பம் குறைந்த செந்நிற விண்மீன்கள். ‘ஏர்லி’ விண்மீன்கள் ஒளிர்வது ‘லேட்’ பேரடைகளின் கரங்களில்; ‘ஏர்லி’ பேரடைகளின் ஒளியோ பெரும்பாலும் ‘லேட்’ விண்மீன்களிடமிருந்து வருகிறது. இதை நடப்பு வழக்கில் எழுதினால், ‘ஆரம்பகால மண்டலங்களில் பிற்கால விண்மீன்கள் மிகுந்துள்ளன’ என்று வரும். இந்த வாக்கியத்தை எந்த மாணவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

பெருவெடிப்பை அடுத்த காலத்துப் பேரடைகளைப் பற்றிய செய்திகள் பெருகியுள்ள இன்று இது இன்னும் தீவிரமாகிறது. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 290 மில்லியன் ஆண்டுகளுக்குப் பிந்தைய பேரடையொன்றை உறுதிப்படுத்தியது. ‘ஆரம்பகாலப் பேரடை’ என்ற பெயர் அதற்குத்தான் உரியது. நமக்கு அருகிலிருக்கும் ஒரு நீள்வட்டப் பேரடையையும் அதே பெயரால் அழைத்தால், ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரு வேறு பொருள்களைத் தாங்கி நிற்கும்.

ஆங்கிலத்திலும் அதே குழப்பம் உண்டு, நாம் ஏன் திருத்த வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வழக்கை மாற்ற இயலாத நிலையில் ஆங்கில வானியலார் அதைச் சுமக்கிறார்கள். இன்னும் நிலைபெறாத தமிழ்ச் சொல்லில் அந்தச் சுமையை வலிந்து ஏற்ற வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இப்பிழை இங்கே நிலைத்திருப்பதற்குச் சிங்கப்பூருக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. நம் மாணவர்கள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கிறார்கள். தமிழ்க் கலைச்சொல்லைக் கண்டால் அதை மனத்துள் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பொருள் கொள்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அவர்களுக்கு எளிதில் விளங்குவதுபோல் தோன்றுவதால், பிழை பிழையாகவே தெரிவதில்லை. தமிழை மட்டும் கொண்டு படிக்கும் ஒருவருக்குத்தான் அது தவறான செய்தியைச் சொல்கிறது; அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகிய தமிழில் எழுதும்போது அவரைத்தான் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, மாற்றுச் சொற்களுக்கு வருவோம். ‘முதிர் பேரடை’, ‘இளம் பேரடை’ என்பவை விண்மீன்களின் வயதைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருங்கினாலும், உருவ வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வயதைச் சொல்வதால் ஏற்கத்தக்கவை அல்ல. ‘தொல்வகை’ என்பதும் காலத்தையே காட்டுகிறது. ‘முன்னிலை வகை’ என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இலக்கணமே நினைவுக்கு வரும். நான் பரிந்துரைப்பவை ‘முன்வரிசைப் பேரடை’, ‘பின்வரிசைப் பேரடை’ என்பன. முன், பின் ஆகியவை காலத்தையும் காட்டுமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நன்னூல் இவ்விரண்டையும் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளில் வைத்து எண்ணுகிறது. ‘வரிசை’ என்பது சேர்ந்ததும் இடப்பொருள் உறுதியாகிவிடுகிறது. உணவங்காடியில் வரிசையின் முன்னால் நிற்பவரை வயதில் மூத்தவர் என்று நாம் எவரும் கொள்வதில்லை. சுருள்களுக்குள்ளேயே கரங்கள் இறுகச் சுற்றியிருப்பவற்றை வானியலார் ‘ஏர்லி’ சுருள் என்பார்கள். அவற்றையும் ‘முன்வரிசைச் சுருள்’ என்று தடையின்றிச் சொல்லலாம்.

பெருந்தரவு அளவாய்வுகளின் காலத்தில் இந்தத் தெளிவு முன்னைவிடத் தேவைப்படுகிறது. வானத்தைப் பரந்த அளவில் படமெடுத்த ஸ்லோன் அளவாய்வின் படங்களில் ஏறக்குறைய 900,000 பேரடைகளை வகைப்படுத்தும் பணியை 2007இல் ‘கேலக்ஸி ஸூ’ திட்டம் பொதுமக்களிடம் ஒப்படைத்தது. 2025 மார்ச்சில் வெளியான யூக்ளிட் தொலைநோக்கியின் முதல் தரவுத் தொகுப்பில் 26 மில்லியன் பேரடைகள் இருந்தன. அவற்றுள் 380,000க்கு மேற்பட்டவற்றின் உருவத்தை, தன்னார்வலர்களின் விடைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு விவரித்தது. இத்தனை பேரடைகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க இயலாததால், நிறத்தையோ ஒளி மையத்தில் செறிந்திருக்கும் அளவையோ கொண்டு, செந்நிறமானவற்றை முன்வரிசை என்றும் நீலமானவற்றைப் பின்வரிசை என்றும் பிரிப்பதும் உண்டு. அவ்வாறு பிரிப்பது எப்போதும் பொருந்துவதில்லை என்பதையும் ‘கேலக்ஸி ஸூ’வே காட்டியது, செந்நிறச் சுருள்களும் நீலநிற நீள்வட்டப் பேரடைகளும் அதன் தொகுப்பில் கிடைத்தன. எனவே நிறத்தால் பிரித்ததைச் ‘செம்பேரடை’, ‘நீலப் பேரடை’ என்று நிறத்தாலும், உருவத்தால் பிரித்ததை வரிசையாலும் அழைக்க வேண்டும். எது எதனால் பிரிக்கப்பட்டது என்று மூலத்தைப் படித்துப் பாராமல் அனைத்தையும் ‘ஆரம்பகால’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஆய்வாளர் கவனமாகப் பேணிய வேறுபாட்டை ஒரே சொல்லால் அழித்துவிடுகிறார்.

படத்தைப் பாராமல் பெயர்ப்பதன் மற்றோர் அடையாளம், ‘ஸ்பைரல்’ என்பதற்குச் ‘சுழல் மண்டலம்’ என்று எழுதுவது. சுருள் என்பது உருவம், சுழல்வது இயக்கம். கரங்களே இல்லாத பேரடைகளும் சுழல்கின்றன: 2011இல் வெளிவந்த அட்லஸ் த்ரீடி ஆய்வு 260 முன்வரிசைப் பேரடைகளை அளந்து, அவற்றுள் 224 பேரடைகளை விரைந்து சுழல்பவை என்று வகைப்படுத்தியது.