சாரக்கட்டு: சொல் விளக்கம்

குழந்தை வளர்ச்சி பற்றிய ஆசிரியர் பயிற்சிகளில் 'ஸ்கேஃபோல்டிங்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. தனியாகச் செய்ய இயலாத ஒன்றைக் குழந்தை செய்து முடிப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் மூத்தவர் துணை நின்று, திறம் கூடக்கூட அத்துணையை விலக்கிக்கொள்வதை அது குறிக்கும்.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இச்சொல் உயர்த்திக் கட்டிய மேடையையும், கட்டட வேலைக்காரர் நிற்கும் தற்காலிகக் கட்டமைப்பையும் குறித்தது. உளவியலில் இதற்கு இன்றைய பொருளைத் தந்தது டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட கட்டுரை. 3 முதல் 5 வயது வரையுள்ள 30 குழந்தைகள் மரத்துண்டுகளைப் பொருத்திப் பிரமிடு கட்டியபோது, உடனிருந்த பயிற்றுநர் செய்த உதவிகளை அம்மூவரும் ஆறு வகையாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்று, தோல்வியால் குழந்தைக்கு வரும் எரிச்சலைத் தணிப்பது. அறிவுக்கான உதவியில் மனத்தைத் தாங்குவதும் அடங்கும் என்று அன்றே கண்டதால்தான் இக்கருத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 1934இல் மறைந்த ரஷ்ய உளவியல் அறிஞர் விகாட்ஸ்கியின் சிந்தனையோடு இதை இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் இச்சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவர் அவரல்லர்.

பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் இதை நேரிலேயே காணலாம். கிழிந்த வலையின் பிசிறுகளைத் தாத்தா வெட்டிச் சீராக்கி, முதல் முடிச்சைத் தாமே போட்டுவிட்டு, நடுவிலுள்ள எளிய வலைக்கண்களைப் பேரனிடம் விடுகிறார். முடிச்சு நழுவும்போது ஊசியைப் பிடுங்காமல், "நூலை இழுத்துப் பிடிய்யா" என்று மட்டும் சொல்கிறார். சில நாளில் ஓரத்துக் கண்களும் பையன் கைக்கு வந்துவிடும்.

தமிழில் இதற்குக் 'கைத்தாங்கல்' என்று எழுதுவோரும் உண்டு. அது நோயாளியையோ முதியவரையோ அணைத்து நடத்துவதைக் குறிப்பதால், வளரும் குழந்தைக்குப் பொருந்தாது. 'உதவி' என்பதோ மிகப் பொதுவான சொல். கீழக்கரையில் மாடி எழும்பும் வீட்டைச் சுற்றிச் சவுக்குக் கம்புகளால் கட்டி, பூச்சு முடிந்ததும் அவிழ்த்துவிடும் 'சாரம்' இருக்கிறதே, அதுவே சரியான சொல். தற்காலிகமானது என்ற உயிரான பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. எனினும் தென்மாவட்டப் பேச்சில் சாரம் என்றால் கைலி. எழுத்துத் தமிழில் பிழிவு என்றும் பொருள் தரும். குழப்பம் நேராதிருக்க, பெயராகச் 'சாரக்கட்டு' என்றும், வினையாகச் 'சாரம் கட்டுதல்' என்றும் எழுதலாம். பிள்ளையின் பள்ளிப் படத்தைப் பெற்றோரே வரைந்து கொடுப்பதையும், கடைசிவரை விலகாத துணையையும் சாரக்கட்டு என்று குறிப்பது பிழை.