பாட்டுக் கோப்புகள் பத்திரமாக இருந்தால் வானொலி நிலையம் பத்திரமாக இருக்கிறது என்று பொருளல்ல

டர்பன் வட்டாரத்துச் சமூக வானொலி நிலையங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு நிலையத்தின் அறிவிப்பாளர் அக்கா என்னை அழைத்தார். "தம்பி, ஐந்து மணிக்குப் பெருமாள் பாட்டு போக வேண்டும். திரையில் ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் பழைய சிடி அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாகக் கையால் போட்டு ஒலிபரப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

முந்தைய இரவு அந்த நிலையத்தில் நிகழ்ச்சிகளைத் தானாக ஒலிபரப்பும் ரிவெண்டெல் மென்பொருளை இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். பாட்டுகளின் விவரங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்துக்குக் காப்பு நகல் எடுத்தீர்களா என்று கேட்டேன். "பாட்டெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டோம், பயமில்லை" என்றார்கள். இதே பதிலை ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாகக் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து ஒரு முறை அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். அதில் பாட்டின் பெயர் எங்கும் இராது. ஆறு இலக்கக் கார்ட் எண் (ஒவ்வொரு பாட்டுக்கோ விளம்பரத்துக்கோ உரிய எண்), ஓர் அடிக்கோடு, மூன்று இலக்கக் கட் எண் (அதன் கீழுள்ள ஒலிப்பதிவின் எண்) என்று 023417_001 போன்ற பெயர்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். அது சுசீலா அம்மா பாடியதா, மளிகைக் கடை விளம்பரமா, காலை ஜிங்கிளா என்பதைத் தரவுத்தளம் மட்டுமே அறியும். பாட்டு எந்த மில்லி விநாடியில் தொடங்க வேண்டும், அடுத்த பாட்டு எந்த இடத்தில் உள்ளே நுழைய வேண்டும், விளம்பரம் எந்தத் தேதியோடு காலாவதியாகிறது, பெருமாள் பாட்டு சனிக்கிழமை மட்டும்தான் ஒலிக்க வேண்டுமா என்பனவெல்லாம் அங்கேதான் பதிவாகியுள்ளன. நாளைய நிகழ்ச்சி லாக்கும், அதாவது எது எப்போது ஒலிக்க வேண்டும் என்ற வரிசைப் பட்டியலும், அங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகள் உட்கார்ந்து காதால் கேட்டுக் குறித்து வைத்த உழைப்பு முழுவதும் அந்த அட்டவணைகளில் உள்ளது. ஒலிக்கோப்பு வெறும் ஒலிதான். ஒரு டெராபைட் பாட்டுகளை அக்கறையோடு நகலெடுப்பவர்கள், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும் தரவுத்தள நகலை விட்டுவிடுவதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி, திரையில் தெரிந்த கோளாறு. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இருந்த இடத்தில் தலையில் கோடிட்ட ஓர் ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி என்று தலைப்புகள் நீண்டு கிடந்தன. தமிழ் எழுத்துக் குறி ஒன்று யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். ரிவெண்டெல் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல், 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முன்புவரை, நாம் வேறு சொல்லாவிட்டால் எழுத்துகளை லத்தீன்-1 (ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை) என்றே எடுத்துக்கொள்ளும். பழைய அட்டவணைகளில் தமிழ் அந்த வேடத்தில்தான் நுழைந்து உட்கார்ந்திருந்தது. ரிவெண்டெலின் புதிய பதிப்பு எல்லாவற்றையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு (மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8 முறைக்கு) மாற்றும்போது, அந்த மூன்று பைட்டுகளையும் மூன்று தனி எழுத்துகளாக நம்பி மீண்டும் ஒருமுறை குறியேற்றிவிடுகிறது. ஆங்கிலத் தலைப்புகளில் எதுவும் மாறுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பின்பற்றுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கண்ணில் படுவதே இல்லை.

இது மீட்கக்கூடிய கோளாறுதான். வந்த வழியிலேயே பின்னோக்கி மாற்றினால் தமிழ் திரும்பி வந்துவிடும். ஆனால் அந்த நிலையத்தில் நல்லெண்ணத்தோடு இரவெல்லாம் விழித்திருந்து இருநூறு தலைப்புகளைக் கையால் திருத்தியிருந்தார்கள். மொத்தமாகப் பின்னோக்கி மாற்றியிருந்தால், சரியாகத் தட்டச்சு செய்த அந்த இருநூறும் வெறும் கேள்விக்குறிகளாகியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுத்து சிதைந்து தெரிந்தால், தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள்.

ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தலைப்புகள் இன்னமும் இருக்குமானால் அவை வேறு கதை. அவற்றைப் பதிப்பு மாற்றத்துக்கு வெகு முன்பே தனியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மாற்றம் நடக்கும்போது திரை அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பொறுமை இழப்பவர்களும் உண்டு. இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு லாக்கும் தனித்தனி அட்டவணையாக இருந்தது. மூன்றாம் பதிப்பு அவை அனைத்தையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருகிறது. பல ஆண்டு லாக்குகளை அழிக்காமல் வைத்திருக்கும் நிலையத்தில் இதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும். "நின்றுவிட்டது" என்று நடுவில் கணினியை அணைத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு தரவுத்தளம் மிஞ்சும். மின்வெட்டும் அதே வேலையைச் செய்யும் என்பதை லோட் ஷெடிங்கில் வாழ்ந்து பழகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அன்றே சோதித்துப் பாருங்கள். வாங்கிய நாளில் தாங்கிய கணக்கை நம்ப வேண்டாம்.

பழைய பதிப்பை மறுபடி நிறுவினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். அட்டவணைகளின் அமைப்பு மாறிய பின் பழைய நிரலுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. திரும்பிப் போக உள்ள நம்பகமான வழி, மாற்றத்துக்குச் சற்று முன் எடுத்த தரவுத்தள நகல்தான். அந்த நகலையும் எடுத்ததோடு விடாமல், பயனில் இல்லாத ஒரு கணினியில் ஏற்றி, புதிய பதிப்பை முதலில் அங்கே ஓட்டிப் பாருங்கள். தமிழ்த் தலைப்புகள் பத்தையாவது திறந்து படியுங்கள். விளம்பரங்களின் காலாவதித் தேதியையும் ஒரு முழு நாளின் லாக்கையும் பாருங்கள். ஒரே தரவுத்தளத்தைப் பகிரும் ஸ்டுடியோக் கணினிகள் அனைத்தையும் ஒரே இரவில் மாற்றுங்கள். ஒன்றைக்கூடப் பழைய பதிப்பில் விட்டுவைக்காதீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கருணை வேண்டும். புரட்டாசிச் சனிக்கு முந்தைய இரவும் தீபாவளி வாரமும் இதற்கு உகந்தவை அல்ல. பண்டிகை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு போதும். சோதனைக் கணினியின் முன் தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் உட்காராமல், அந்த அறிவிப்பாளர் அக்காவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பாட்டின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.